மே மாதத்துக் கோட்டு

உயிரே போனாலும் மே மாதத்தில் கோட்டு போடுவதில்லை என்று சத்தியநாதன் முடிவெடுத்தார். குளியலறையில் வைத்து எடுத்த முடிவு. ராஜகீழ்ப்பாக்கத்தில் அவரே பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில், அவரே முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். மற்ற அறைகள் எல்லாம் ஹில்டாவின் ஆட்சிக்கு உட்பட்டவை.

ஹில்டா ஒரு பள்ளியில் துணை முதல்வர். கணக்கு டீச்சராக ஆரம்பித்தவள். வீட்டிலும் அதே பாடம்தான். கூட்டல் கழித்தல் எல்லாம் அவள் மனசுக்குள்ளேயே நடந்துவிடும். சத்தியநாதனுக்கு விடை மட்டும்தான் வரும். அதுவும் அடிக்கோடு போட்டு வரும்.

அவர்களுடைய ஒரே மகள் கெசியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜோஸ்வின், கிழக்குத் தாம்பரத்துப் பையன். பள்ளி லீவில்தான் வைக்க முடியும் என்று மே மாதத்தில் தேதி குறித்தவள் ஹில்டா. வெயிலை அவள் கலந்தாலோசிக்கவில்லை. புருஷனையே கலந்தாலோசிக்காதவள், வெயிலையா கேட்பாள்?

கோட்டுப் பிரச்சினை கிளம்பியது கனடாவிலிருந்து. ஹில்டாவின் அண்ணன் ஃபிரெடி அங்கே இருக்கிறார். எந்த மாதத்துக்கு எந்தக் கோட்டு, எந்த விசேஷத்துக்கு எந்தக் கலர் என்று தங்கையின் போனுக்குப் படம் படமாக அனுப்பிவிட்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் ஹில்டா பாடம் நடத்தினாள்.

"இன்டர்வியூன்னா நேவி ப்ளூ. துக்க வீடுன்னா கறுப்பு. பனிக்காலத்துக்கு கம்பளி. வெயில்ல பகல் கல்யாணம்னா லினன், அதுவும் வெளிர் சாம்பல். அண்ணன் எவ்ளோ தெளிவா அனுப்பியிருக்காரு பாருங்க."

"நமக்கு ஏது ஹில்டா பனிக்காலம்? தாம்பரத்துக்கு மூணே சீசன். வெயிலு, வேர்வை, வெள்ளம். வெள்ளத்துக்கு என்ன கோட்டு போடணும்னு உங்க அண்ணனைக் கேளு."

"ரெயின் கோட்டு."

கெசியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தியநாதன் விடவில்லை.

"அதுக்கு சூட்டுன்னு சும்மாவா பேர் வச்சிருக்கான்? போட்டா சூடு. இருக்கிற சூடு போதாதுன்னு சூட்டு வேறயா? நான் பட்டு வேட்டி கட்டறேன். கம்பீரமா இருக்கும்."

"ஜோஸ்வின் வீட்ல ஆம்பளைங்க எல்லாரும் ஒரே கலர்ல கோட்டு எடுத்தாச்சு. நம்ம பக்கமும் அப்படித்தான். கோட்டு போட்டவங்கதான் ஆலயத்துல கெசியா கையப் பிடிச்சு நடக்கறதுன்னு அவங்க அம்மாகிட்ட பேசி முடிச்சுட்டேன். சரியா?"

"சரி, சரி" என்றார் சத்தியநாதன். வாய்தான் சொன்னது. அப்பன் ஒருத்தன்தானே? அவன் கோணியைக் கட்டிக்கொண்டு வந்தாலும் அவன்தானே நடந்தாக வேண்டும்? இந்தத் தைரியத்தில் அவர் குழம்பில் இன்னொரு துண்டு மீனைத் தேடினார்.

கோட்டின் மேல் அவருக்கு இருந்த பகைக்கு வெயில் மட்டும் காரணமில்லை. அவருடைய கல்யாணத்தில் ஹில்டா வீட்டார் அவருக்கு ஃபிரெடியின் கோட்டைத்தான் மாட்டிவிட்டார்கள். ஃபிரெடி ஓங்குதாங்கான ஆள். கோட்டின் கைகள் அவருடைய விரல் நுனிவரை மூடிக்கொண்டன. மோதிரம் போடும் நேரத்தில் விரலைத் தேடவேண்டியிருந்தது. கூடத்துச் சுவரில் அந்தப் படம் இன்றைக்கும் தொங்குகிறது. பார்க்கிறவர்களுக்குக் கோட்டுதான் மாப்பிள்ளை, உள்ளே யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் தோன்றும்.

மகளின் கல்யாணத்தில் தன் வேட்டி, தன் சட்டை, தன் கை. அதில் மகளின் கை. அவ்வளவுதான் அவர் கேட்டது. ஓர் அடி வைத்து, நின்று, அடுத்த அடி வைக்கிற அந்த நடையை மொட்டை மாடியில் யாரும் இல்லாதபோது பழகிப் பார்த்தார். முழங்கையை மடக்கி, அதில் கெசியா இருப்பதாக நினைத்துக்கொண்டு. ஒருநாள் பக்கத்து வீட்டு ஆபேல் துணி காயப்போட வந்து பார்த்துவிட்டார்.

"என்ன சார், முட்டி வலியா?"

"இல்லப்பா, நடை பழகறேன்."

"இந்த வயசுலயா?"

ஆபேலிடம் மட்டும் சத்தியநாதன் தன் திட்டத்தைச் சொன்னார். கோட்டு தைக்க அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வது. தைத்து வரும். கல்யாணத்தன்று காலையில் போட்டால் போகாது. அந்த நேரத்தில் வேறு கோட்டுக்கு எங்கே போவாள்? வேட்டிதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பழி வயிற்றின் மேல்.

"பிரமாதம் சார்" என்றார் ஆபேல். "ஆனா அக்கா கூட வருவாங்களே?"

"வரட்டுமே. வயித்துக்குள்ளயா வந்து பாக்கப்போறா?"

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் சௌகத் அலியின் தையல் கடை. டேப்பை இடுப்பில் சுற்றியதுமே சத்தியநாதன் வயிற்றை முதுகோடு ஒட்டவைத்தார். மூச்சு நின்றது. கண் பிதுங்கியது.

"சார், மூச்சு விடுங்க" என்றார் சௌகத் அலி.

"விட்டுக்கிட்டு... தான்... இருக்கேன்... பாய்."

"முகமெல்லாம் செவந்துபோச்சே சார்."

"அது என் கலரு."

சௌகத் அலி சந்தேகத்தோடு ஹில்டாவைப் பார்த்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து துணி மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

"அவரு எப்பவும் அப்படித்தான் பாய். என்ன அளவு வருதோ அதையே வெட்டுங்க."

"உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைக்கிறேன் மேடம். பத்தலைன்னா பிரிச்சு விட்டுக்கலாம்."

"வேணாம் பாய். ஒட்டத் தைங்க. இப்பல்லாம் அதான் ஃபேஷன்."

சத்தியநாதனுக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். வெளியே வந்ததும் மூச்சை மொத்தமாக விட்டார். சட்டையின் கடைசிப் பட்டன் தெறித்து விழுந்தது. ஹில்டா குனிந்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. சுகர், சுகர் என்று பல வருஷமாக அவர் தட்டில் ஓட்ஸ் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்த ஹில்டா, பருப்பில் நெய் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மட்டன். ராத்திரியில் பரோட்டா. கேட்காமலே இன்னொரு கரண்டி.

"என்ன ஹில்டா, திடீர்னு?"

"பொண்ணு போயிடுவா. அப்புறம் நீங்களும் நானும்தானே. சாப்பிடுங்க."

சத்தியநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலம் இவளைத் தப்பாகப் புரிந்துகொண்டோமே என்று வருந்தினார். வருந்திக்கொண்டே சாப்பிட்டார். திட்டத்துக்காகவும் சாப்பிட்டார், பாசத்துக்காகவும் சாப்பிட்டார். வயிறு இரண்டையும் வாங்கிக்கொண்டது. கோட்டைப் போட்டுப் பார்க்க வரச்சொல்லி சௌகத் அலி போன் செய்தபோதெல்லாம் அவர் தலைவலி, கால்வலி என்று தள்ளிப்போட்டார். ஹில்டா வற்புறுத்தவில்லை.

"எங்கயோ இடிக்குதே சார்" என்றார் ஆபேல். "அக்கா நெய் ஊத்தறாங்க, ட்ரையலுக்குக் கூப்பிட மாட்டேங்கறாங்க..."

"உனக்குப் பொறாமை. உங்க வூட்ல ஊத்த மாட்டாங்க."

கல்யாண நாள் வந்தது. கனடாவிலிருந்து ஃபிரெடி வந்து இறங்கியிருந்தார். ஆறடி உயரம், அரை டசன் செண்ட். வீடு முழுக்க மல்லிகைப் பூவும் ஹேர் ஸ்பிரேயும் இஸ்திரிப் புகையும். சத்தியநாதன் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கோட்டை எடுத்தார். அழகான கோட்டுதான், அதைச் சொல்லவேண்டும். வெளிர் சாம்பல் லினன். ஒரு கை நுழைந்தது. இன்னொரு கை பாதி வழியில் நின்றுவிட்டது. பேண்ட் தொடைக்கு மேல் ஏற மறுத்தது. பட்டனுக்கும் அதன் ஓட்டைக்கும் நடுவில் ஒரு சாண் வயிறு வெற்றிப் புன்னகையோடு நின்றது.

முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு கூப்பிட்டார்.

"ஹில்டா! இங்க வந்து பாரேன்! இந்த பாய் இப்படிப் பண்ணிட்டாரே! பேஜாரா போச்சே!"

ஹில்டா வந்தாள். மேலும் கீழும் பார்த்தாள். சத்தியநாதன் தயார்செய்து வைத்திருந்த பதில்கள் வரிசையாக நாக்கில் நின்றன.

"அச்சச்சோ" என்றாள். "சரி, விடுங்க. வேட்டியே கட்டிக்குங்க. உங்களுக்கு அதான் நல்லாருக்கும்."

அவ்வளவுதான். போய்விட்டாள். பதில்கள் எல்லாம் நாக்கிலேயே வேலையில்லாமல் நின்றன. இவ்வளவு சுலபமாக ஜெயித்துப் பழக்கமில்லாததால் அவருக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. ஆனாலும் பட்டு வேட்டியை இறுக்கிக் கட்டினார். கண்ணாடியில் பார்த்தார். கம்பீரம். முழங்கையை மடக்கிப் பார்த்தார். ஓர் அடி. நிறுத்தம். அடுத்த அடி.

ஆலய வாசலில் கார் நின்றது. வெளியே அனல். கெசியா இறங்கினாள். வெள்ளைப் புடவையும் தலைமேல் முக்காடும் கையில் பூங்கொத்துமாக நின்ற மகளைச் சத்தியநாதன் ஆசை தீரப் பார்த்தார். அவர் முன்னால் போய் முழங்கையை நீட்டினார்.

அதற்குள் இன்னொரு முழங்கை அங்கே நீண்டிருந்தது. வெளிர் சாம்பல் லினன். ஃபிரெடி.

"மச்சான், நீங்க போய் உள்ள முன் பெஞ்சில உக்காருங்க" என்றார் ஃபிரெடி. "நான் பாத்துக்கறேன்."

"என்னத்தைப் பாத்துக்கறீங்க?"

கெசியா அப்பாவின் கையைத் தொட்டாள். "பரவாயில்லப்பா. வெயில்ல கோட்டு போட முடியாதுன்னு நீங்கதான் நடக்க வரமாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே. அம்மா சொன்னாங்க. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா உங்க உடம்புதான் முக்கியம். மாமா வர்றாங்க."

"நானா? நான் எப்ப..."

உள்ளே கீபோர்டு ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஃபிரெடி நடக்கத் தொடங்கினார். ஓர் அடி. நிறுத்தம். அடுத்த அடி. மாடியில் சத்தியநாதன் பழகியதைவிட ஃபிரெடி நன்றாகவே நடந்தார். கெசியா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னால் பார்த்தாள்.

சத்தியநாதன் ஓரமாக நடந்து முன் பெஞ்சில் ஹில்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் இப்படிப் பண்ணே?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நான் என்ன பண்ணேன்? கோட்டு போட்டவங்கதான் நடக்கறதுன்னு சொன்னேன். சரின்னீங்க."

"அளவெடுக்கும்போது நான் மூச்சைப் பிடிச்சது உனக்குத் தெரியுமா?"

"கடை முழுக்கத் தெரிஞ்சுதே."

"அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மூச்சை விட்டிருப்பீங்க."

பாஸ்டர் ஜெபத்துக்கு அழைத்தார். ஹில்டா கண்ணை மூடிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள்: "அண்ணனுக்கு ரெண்டும் பசங்க. ஒரு பொண்ணு கையப் பிடிச்சு நடக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. உங்ககிட்ட நேரா கேட்டா குடுப்பீங்களா?"

கொடுத்திருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும். கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். அந்த ஒரு மறுப்பையாவது தன் கையில் வைத்திருந்திருக்கலாம். தலை குனிந்தார். ஜெபத்தில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

அந்த ஆலயத்தில் புதிதாக ஏ.சி. போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் சாம்பல் கோட்டுகள் எல்லாம் இதமாக உட்கார்ந்திருந்தன. மேலே இருந்த பெட்டி நேராக சத்தியநாதனின் மேல் ஊதியது. பட்டு வேட்டி விறைத்தது. மே மாதத்தில், தாம்பரத்தில், பட்டப்பகலில், அவர் குளிரில் நடுங்கினார். ஹில்டா தன் முந்தானையை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார்?" என்று பாஸ்டர் கேட்டார்.

சத்தியநாதன் பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டார். அதற்குள் ஃபிரெடி கணீரென்று பதில் சொல்லிவிட்டார். எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று சத்தியநாதன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தார்கள். வேப்பமரத்தடியில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கெசியா, ஜோஸ்வின், நடுவில் கையை விரித்தபடி ஃபிரெடி. ஹில்டா அண்ணனின் காலரைச் சரிசெய்தாள். ஆபேல் கையில் கூல் டிரிங்க்ஸோடு சத்தியநாதனைத் தேடிக்கொண்டு வந்தார். வந்தவர் முகத்தில் பரிதாபத்தைப் பார்த்ததும் சத்தியநாதன் நிமிர்ந்து நின்றார். மிச்சமிருந்த மானத்தையெல்லாம் திரட்டிக் கேட்டார்.

"என்னப்பா அப்படிப் பாக்கறே? நான் சொன்னதைச் செஞ்சேனா இல்லியா? கோட்டு போட்டேனா? நீயே சொல்லு."

ஆபேல் போட்டோ எடுக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சத்தியநாதனைப் பார்த்தார்.

"இல்ல சார். கோட்டை விட்டுட்டீங்க."