குளத்தில் கிடந்த மரச்சட்டம்

கல்கத்தாவில் பொதுக்கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேட்கலாம், கைதட்டலாம், கொடுக்கிற சிங்காடாவைத் தின்னலாம் (நம் சமோசாதான், ஆனால் அவர்களிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்). குறை மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தக் குறையைத் தீர்க்க ஒரு கமிட்டி போட்டு, சொன்னவரையே அதற்குச் செயலாளராக்கி விடுவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், இருபத்துமூன்று வயதில், தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்த திமிரோடு கார்டன் ரீச்சில் ஒரு கிளப் ஹாலில் எழுந்து நின்று, குளம் நாறுகிறது என்று வங்காளத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். கால் மணி நேரத்தில் நான் குளம் பாதுகாப்புக் கமிட்டியின் செயலாளர்.

அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் பழைய வங்காளிக் குடும்பங்கள், அவர்களுக்கு நடுவே அந்தக் குளம். அது ரணேன் ஜெட்டுவுக்குச் சொந்தம். ஜெட்டு என்றால் பெரியப்பா. அந்த வட்டாரத்துக்கே அவர் பெரியப்பா. ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், கைத்தடி, காரை உதிர்கிற பெரிய வீடு, அதில் தனி ஆள். தம்பிகள் இருவர் டெல்லியிலும் பம்பாயிலும் இருந்தார்கள். குளத்தைச் சுத்தம் செய்ய அனுமதி கேட்டபோது, மீன்களை மட்டும் பயமுறுத்தாதீர்கள் என்று சொல்லிச் சம்மதித்தார். வேறொன்றும் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்தை யார் எடுத்துச் சொல்வார்கள்?

ஒரு காலை வேலைக்கு நான்கு கூட்டம் நடந்தது. பேனருக்குப் பச்சையா நீலமா என்பதிலேயே இரண்டு கூட்டம் போயிற்று. கடைசியில் சுற்றுச்சூழல் தினத்தன்று வைத்துக்கொள்வதென்றும், யார் அதிகக் குப்பை எடுக்கிறார்களோ அவர்களுக்குக் கவுன்சிலர் கையால் பரிசென்றும் முடிவானது. கிளப் செயலாளர் பாப்பிதா (‘தா’ என்றால் அண்ணன்) கரையைப் பங்கு போட்டார். வங்காளிகளுக்கு மேடையும் மைக்கும் டீயும் இருந்த மேற்குக் கரை. எங்களுக்கு ஜெட்டு வீட்டுக்குப் பின்னால் கிழக்கு மூலை. எங்கள் அணியில் சேலம் இருந்தது, நெல்லூர் இருந்தது, பாலக்காடு இருந்தது. பெயருக்குக்கூட ஒரு வங்காளி இல்லை. அப்போது அதைப் பெருமையாக நினைத்தேன் (என் தலையெழுத்து).

ஜூன் மாத வெயில். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துக்கொண்டிருந்தபோது என் கால் எதிலோ இடித்தது. குனிந்து தடவினால் பெரிய மரம். ஆறு பேர் சேர்ந்தும் அசையவில்லை. பிறகுதான் தெரிந்தது, நாலு மூலையிலும் கல்லைக் கயிற்றால் கட்டி யாரோ அதை முழுக வைத்திருக்கிறார்கள். முடிச்சை அவிழ்க்கவே அரை மணி நேரம் ஆனது. மேலே வந்தது கட்டில் போலவும் இல்லாமல், கதவு நிலை போலவும் இல்லாமல், ஓர் ஆள் உயரத்தைவிட நீளமான கனத்த மரச்சட்டம். கறுத்த சால் மரம், அங்கங்கே துருப்பிடித்த ஆணிகள். குப்பையைப் போட்டதும் இல்லாமல், யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று கல்லைக் கட்டி அமுக்கியிருக்கிறான் பார், எப்பேர்ப்பட்ட கிரிமினல் என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

மேடைக்குக் கொண்டுபோனால் பரிசு நமக்குத்தான். ஆனால் சந்தில் அது திரும்ப மறுத்தது. குவார்ட்டர்ஸில் போய் ஒரு ரம்பம் வாங்கி வந்தோம். மரமா அது? இரும்பு. பையன்கள் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மீதியை அறுத்தேன். இரண்டு இடத்தில் அறுத்து, மூன்று துண்டாக்கி, வேர்த்து வழிந்து, மேடைக்கு முன்னால் வரிசையாகப் போட்டோம்.

செயலாளர் என்பதால் மைக் என் கைக்கு வந்தது. முன்வரிசையில் கவுன்சிலர், பக்கத்தில் ரணேன் ஜெட்டு. நான் துண்டுகளைக் காட்டிப் பேச ஆரம்பித்தேன். இதைக் குளத்தில் போட்டவருக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். கல்லைக் கட்டி மறைத்த தந்திரத்தை விவரித்தேன். அந்த ஆள் இந்தக் கூட்டத்திலேயே இருந்தால் எழுந்து நிற்கட்டும் என்று முழங்கினேன்.

ரணேன் ஜெட்டு எழுந்து நின்றார்.

டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் கெட்டிலைச் சாய்த்தபடியே நின்றுவிட்டார். ஜெட்டு தடியை ஊன்றி மெதுவாக வந்தார், குனிய முடியாமல் குனிந்து, அறுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். பாப்பிதாதான் ஓடிவந்து என் கையிலிருந்த மைக்கை அணைத்தார்.

"செல்வி, என்ன செஞ்சிட்ட? அது ஜெட்டு வீட்டு துர்க்கா நிக்கிற சட்டம்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் பாப்பிதா சொல்லச் சொல்லத்தான் உள்ளே இறங்கிற்று. அந்தச் சட்டத்தின்மேல்தான் வைக்கோல் கட்டி, களிமண் பூசி, துர்க்கையைச் செய்கிறார்கள். குளத்தில் கரைத்தால் மண் போய்விடும், சட்டம் போகாது. கறையான் அரிக்காமல் இருக்க அதைத் தண்ணீருக்குள்ளேயே கட்டி வைத்து, ரத யாத்திரை அன்று எடுத்து, பூஜை போட்டு, மறுபடி அதே சட்டத்தில் அடுத்த துர்க்கை. நான்கு தலைமுறையாக ஒரே சட்டம். பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் அவர்கள் வீட்டுப் பிரசாதக் கிச்சடியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றவள் நான். ஆனால் கரைத்த பிறகு சாமி என்ன ஆகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் களிமண் பிள்ளையாரைத் தண்ணீரில் விட்டால் அதோடு சரி. போட்டாச்சுன்னா திரும்பிப் பாக்காம வா என்றுதான் அம்மா சொல்லுவாள்.

இன்னொன்றும் பாப்பிதா சொன்னார். தம்பிகளுக்கு இந்தப் பூஜையை நிறுத்திவிட்டு வீட்டை விற்க வேண்டும். ஜெட்டு கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாக்கு வாங்கியிருந்தார்: சட்டம் இருக்கிறவரை பூஜை நடக்கட்டும், சட்டம் போனால் நிறுத்திவிடலாம். ரத யாத்திரைக்கு மூன்று வாரம்கூட இல்லை. அந்தக் கிழவருக்கு இருந்த ஒரே பிடிமானத்தை நான் அறுத்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். பரிசு எங்கள் அணிக்குத்தான் என்று கவுன்சிலரின் ஆள் ஒரு ரோஜாச் செடியை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, ஊர்ல உள்ள பிள்ளைக சாமிய கும்பிட்டுட்டு வரும். நீ அறுத்துட்டா வந்திருக்க?"

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதை மாட்டிக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அறுத்தது நேரா இருக்கா, கோணலா இருக்கா?"

"நேராத்தான் இருக்குப்பா."

"அப்ப சேத்துரலாம்."

ரயில் பாதையில் இரண்டு தண்டவாளம் சந்திக்கிற இடத்தில் இருபுறமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்களே, அதே வேலை. முப்பது வருஷமாக அப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ரயில்வே சொத்தில் ஒரு குண்டூசியைக்கூடத் தொடமாட்டார். ஹவுராவில் ஒரு பட்டறைக்கு அளவு எழுதிக் கொடுத்து, தகடுகளைத் தனியாக அடித்து வாங்கினார். அவற்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஜெட்டு வீட்டுக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போக முகம் இல்லை.

ஜெட்டு தகடுகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த புரோகிதருக்குத்தான் தாங்கவில்லை. துண்டான சட்டத்தில் தேவியை ஏற்றுவதா, அதுவும் இரும்பு போட்டா, சாஸ்திரத்தில் இடமே இல்லை என்று குதித்தார். ஜெட்டு தடியால் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

"காளிகாட்டுப் படியில வழுக்கி விழுந்தப்ப டாக்டர் இங்க இரும்புத் தகடு வெச்சார். நாலு போல்ட்டு. அன்னையிலிருந்து நான் மனுஷன் இல்லையா, பட்டாச்சார்ஜி?"

புரோகிதர் பஞ்சாங்கத்தைத் திறந்து நாள் பார்க்க ஆரம்பித்தார். அப்பா அங்கேயே மூன்று துண்டையும் சேர்த்து முடுக்கினார். அன்று மாலை டெல்லித் தம்பி போன் செய்து சட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். விஷயம் யார் மூலமோ போயிருக்கிறது. முன்னைவிட உறுதியாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார் ஜெட்டு. ஒரு வார்த்தை பொய் இல்லை.

அந்த வருஷம் துர்க்கை எழுந்து நின்றாள். எனக்குத்தான் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. அத்தனை மண்ணும் சிங்கமும் மகிஷாசுரனும் என் இரண்டு வெட்டின்மேல் நிற்கின்றன என்று நினைத்து நினைத்துப் பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்பா ஐந்து நாளும் இடுப்பில் ஸ்பேனரைச் செருகிக்கொண்டு பந்தலே கதியென்று கிடந்தார். ஊரே அம்மன் முகத்தைப் பார்க்க, அவர் மட்டும் அம்மன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெட்ராஸிபாபுவுக்கு என்ன பக்தி என்று பெண்கள் உருகிப்போனார்கள். ஒரு போல்ட்கூட அசையவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். அப்பா அம்மாவும் ஓய்வுக்குப் பிறகு என்னோடு வந்துவிட்டார்கள். பூஜை வருஷா வருஷம் நடந்தது. டெல்லித் தம்பியின் மகன் ஒருவன், கம்ப்யூட்டர் படித்தவன், கல்கத்தாவுக்கே குடிவந்து பூஜையைக் கையில் எடுத்துக்கொண்டான் என்று பாப்பிதா கடிதம் எழுதியிருந்தார். கேட்டுச் சந்தோஷப்பட்டோம்.

பத்து வருஷம் கழித்து அந்தப் பையனிடமிருந்து போன். போல்ட் துருப்பிடித்து, சுற்றியிருந்த மரம் உளுத்துவிட்டதாம். புதிதாக சால் மரத்தில் சட்டம் அடித்திருக்கிறார்களாம். ரத யாத்திரைக்கு நான் அவசியம் வர வேண்டுமாம். சந்தோஷமாக வருகிறேன் என்றேன். எதற்கு என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"எங்க வீட்டுச் சம்பிரதாயப்படி சட்டத்தை மூணு துண்டா அறுத்துச் சேக்கணும், தீதி. தென்னாட்டுப் பொண்ணு கையால அறுக்கணும். ஆதியிலிருந்து அப்படித்தானே?"

யார் சொன்னது என்று கேட்டேன். ஜெட்டு சொன்னாராம். அவருடைய கொள்ளுத் தாத்தா ராமேஸ்வரம் போய்வந்தபோது கொண்டுவந்த முறையாம்.

போனேன். எண்பதைத் தாண்டிய ஜெட்டு தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சங்கு ஊதினார்கள். எதிரே மாசு மருவில்லாத புது மரம், என் கையில் குங்குமம் வைத்த ரம்பம். அறுக்க ஆரம்பிக்கும்முன் ஜெட்டு பக்கம் குனிந்து, இந்த வயதில் ஏன் இப்படி ஒரு பொய் என்று காதோடு கேட்டேன்.

"உடைஞ்சு போச்சுன்னா நிறுத்திடுவாங்க, மா. வழக்கம்னு சொன்னா நடத்துவாங்க. நீ அறு."

அறுத்தேன். பையன் அதை வீடியோ எடுத்தான். நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று நோட்டில் குறிப்பெடுத்தார்கள். அதில் ஒருத்தி என்னிடம் வந்து, இந்தச் சடங்கு உங்கள் ஊரில் எந்தக் கோயிலில் இருக்கிறது என்று பணிவாகக் கேட்டாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது பெரியவர் வாயைத் திறந்து, இது காலங்காலமாக நம் குடும்பத்தில் வருகிற முறை என்று ஆரம்பித்தால் போதும், எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அம்மா மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்பாள்:

"இது எந்தக் கூறுகெட்டவ அறுத்ததோ?"