சுக்கான் அண்ணன் சர்வோ பார்த்த கதை

வில்லியனூர் வட்டாரத்தில் மகளுக்கு மாப்பிள்ளை தேடியவர்கள் பலர் உண்டு. ஆனால் அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து விசாரித்ததைவிட அதிகமாக, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புப் பெட்டியைப் பற்றி விசாரித்தவர் ஒருவர்தான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அலுவலகச் சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்தது. ஊருக்கு அவர் சுக்கான்.

மின்சார அலுவலகத்தில் அவர் மீட்டர் கணக்கெடுப்பவர். நான் பில் எழுதுபவன். காலம் எண்பதுகளின் முதல் பாதி. சரியான ஆண்டு எது என்பதில் எனக்கும் பழைய நண்பர்களுக்கும் இன்றும் தகராறு உண்டு. தை மாதம், மாதா கோயில் குளம் தளும்பி நின்றது என்பதில் மட்டும் தகராறில்லை.

அண்ணனின் மச்சினன் பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்தான். அவன் அனுப்பிய ரேடியோ படகுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கரையில் நின்று கைப்பெட்டியின் குச்சியை அசைத்தால், படகுக்குள் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி, பின்னால் தண்ணீருக்குள் நிற்கும் சுக்கானை இடமோ வலமோ திருப்பும். அதற்குப் பெயர் சர்வோ. முதல் வெள்ளோட்டத்தில் அது இடப்பக்கம் திரும்பியதோடு சரி, அப்படியே இறுகிவிட்டது. பேட்டரி தீரும்வரை படகு ஒரே வட்டமாகச் சுற்றியது. நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டு வாத்துகள் வெளியேற வழி தெரியாமல் அவையும் சுற்றின. "சுக்கான் திரும்பல, சுக்கான் திரும்பல!" என்று அண்ணன் கரையெல்லாம் ஓடினார். பெயர் அன்றைக்கு ஒட்டியது.

சாதாரண மனிதர் அதோடு விட்டிருப்பார். அண்ணன் நேரே பங்குச் சாமியாரிடம் போனார். திருவிழா அன்று மாதா சொரூபம் படகில் ஏறி, யாரும் தொடாமல் குளத்தைச் சுற்றி வரவேண்டும் என்பது அவர் திட்டம். சாமியார் சம்மதித்தார். மதலேன் அண்ணிதான் சம்மதிக்கவில்லை. படகின் அளவுக்கு இருந்த ஒரே சொரூபம், அண்ணிக்குக் கல்யாணத்தின்போது அவருடைய அம்மா கொடுத்தது.

"இந்தா பாருய்யா," என்றார் அண்ணி. "எங்கம்மா குடுத்த மாதா. போன மாரியே வந்து சேரணும். தண்ணில கிண்ணில வுட்ட, உன் படகு, பெட்டி, ஒயரு எல்லாத்தையும் மறுநாளே பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிப் போட்டுடுவேன். அப்புறம் இந்த வூட்ல படகுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

சொன்னதைச் செய்கிறவர் அண்ணி. ஆகவே நம்பகமான சர்வோ வேண்டும் என்று மச்சினனுக்கு எழுதினார் அண்ணன். பார்சல் வந்தது. அண்ணன் அதிலிருந்து மூன்று சர்வோக்களை எடுத்து வரிசையாக மேசைமேல் வைத்து, "தம்பி, இதுல எவன் நல்லவன்னு கண்டுபிடிக்கணும்பா," என்றார்.

முதல் சோதனை பலம். சர்வோவின் கையில் நூல் கட்டிக் கத்திரிக்காய் தொங்கவிட்டார். மூன்றும் தூக்கின. அடுத்தது அதிர்ச்சி. திருக்கனூர் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து எஞ்சின் மூடியில் மூன்றையும் ரப்பர் போட்டுக் கட்டினார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது? பாம் கீம் வச்சிகினு வரியா?"

"சர்வோபா. குலுக்கல் தாங்குதான்னு பாக்கறேன்."

"இந்த வண்டில மனுசனே தாங்கறதில்ல சார்."

சர்வோக்கள் தாங்கின. அண்ணனுக்கு அதுவே பெரிய கவலையாகிவிட்டது. எல்லோரும் நல்லவர்கள் என்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது? திருவிழாவுக்கு முந்தின நாள் கடைசிச் சோதனையை அறிவித்தார். மூன்றையும் நிறுத்தாமல் இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருப்பது. எது கடைசிவரை ஓடுகிறதோ அதுவே மாதாவுக்கு.

மதியத்துக்குள் முதலாவது கரிந்த வாடையோடு அடங்கியது. சாயங்காலம் இரண்டாவதன் பல்சக்கரம் மழுங்கி, உள்ளே வெறும் கரகரப்பு மட்டும் கேட்டது. மூன்றாவது ஆடிக்கொண்டே இருந்தது. அண்ணன் துள்ளி எழுந்தார். "இவன்தான்டா மாப்ள!" அவர் சொல்லி முடிக்கவும் அதுவும் நின்றது. தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். அசையவில்லை.

"அண்ணே, மூணும் பூடுச்சே!" என்றேன்.

"பூடுச்சு. ஆனா எது நல்லதுன்னு தெரிஞ்சிடுச்சு இல்ல?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி வந்து, பிரிக்காத ஒரு சர்வோவை மேசைமேல் வைத்தார்.

"எந்தம்பி நாலு அனுப்பிச்சான். பார்சலை நான்தானே வாங்குனேன்? நீ கையில கிடைச்சதையெல்லாம் சாவடிப்பன்னு தெரியும். அதான் ஒண்ண எடுத்து வச்சேன்."

"டெஸ்ட் பண்ணாம எப்படிடி இத..."

"என்னைய டெஸ்ட் பண்ணியா கட்டிகினே?"

அண்ணன் திருப்புளியை எடுத்தார்.

மறுநாள் மாலை, குளத்தங்கரையில் ஊரே நின்றது. சாமியார் ஜெபம் சொல்லிப் படகை மந்திரித்தார். மெழுகுவர்த்தியோடு மாதா புறப்பட்டார். படகு நேராக எதிர்க்கரையை நோக்கிப் போனது. அங்கே அடர்ந்து கிடந்தது ஆகாயத்தாமரை. அதில் சிக்கினால் படகு கவிழும். திருப்பவேண்டிய இடம் வந்தது. அண்ணனின் விரல் குச்சிமேல் இருந்தது, அசையவில்லை.

"திருப்புய்யா!"

"பயமா இருக்குடி. இத நான் பாத்ததே இல்ல. திரும்பலன்னா?"

"அதுக்காக நேராவே போவியா? குடு இப்படி!" அண்ணி கைப்பெட்டியைப் பிடுங்கிக் குச்சியை வலப்பக்கம் ஒரே தள்ளாகத் தள்ளினார்.

படகு சாய்ந்தது. மெழுகுவர்த்திச் சுடர் படுத்து எழுந்தது. கரையில் யாரோ "மாதாவே!" என்று கத்தினார்கள். படகு ஆகாயத்தாமரை இலைகளை உரசியபடி வளைந்து, திரும்பி, எங்களைப் பார்த்து வந்தது. பாடகர் குழு பாட மறந்துபோய்க் கைதட்டியது. அண்ணியோ பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "இன்னும் ஒரு ரவுண்டு," என்று சொல்லி மறுபடியும் படகை விட்டார். ஊர் படகைப் பார்த்தது. அண்ணன் அண்ணியின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு கரை சேர்ந்ததும் அண்ணி மாதாவை எடுத்து முந்தானையால் துடைத்தார். பிறகு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "அடுத்த தபா அஞ்சு அனுப்பச் சொல்றேன். நாலை நீ சாவடி."

அண்ணன் கைப்பெட்டியை வாங்கி, ஒரு சொட்டு ஈரமும் படாத அதைக் கைக்குட்டையால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணைத் துடைப்பதற்கு நேரம் கிடைக்கட்டும் என்று, நான் திரும்பி நின்று குளத்தைப் பார்த்தேன்.