மாமியாரை மடக்கிய மேஜர்

மாமியாரிடம் பொய் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பொய்க்கு ஒரு நாயைச் சாட்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது. நான் வைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் எங்கள் பாபநாசத்தில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள், மீதிப் பேர் பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். கல்யாணமான மறுவருஷமே என் வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக்காகக் குவைத்துக்குப் போய்விட்டார். எனக்கு இங்கே டீச்சர் வேலை, வாடகை வீடு, தனி ராஜ்ஜியம். நாகப்பட்டினத்தில் இருந்த மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. தனியாக இருக்கிற வீட்டில் திருடன் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, வேலையை விட்டுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருந்தார். எனக்கோ வேலையும் வேண்டும், வீட்டுச் சாவி என் இடுப்பிலேயே இருக்கவும் வேண்டும். (ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போகாமல் தூங்குகிற சுகத்தை எந்த மாமியார் தருவார்?)

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு டாக்டர், மகனோடு இருக்க ஆஸ்திரேலியா கிளம்பினார். வீட்டு முன்கட்டிலேயே கிளினிக் வைத்திருந்தவர். அவர்களிடம் மேஜர் என்று ஒரு அல்சேஷன் இருந்தது. வளர்ந்த நாய், கழுதை உயரம். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சங்கிலியை என் கையில் கொடுத்தார்.

"ரொம்பப் பொறுப்பான நாய்ம்மா. வாசல்ல படுத்துட்டான்னா அவன் டியூட்டிய அவன் பாத்துக்குவான். அவன் சாக்க மட்டும் தொவச்சிடாத. பழைய வாசனை இருந்தாதான் தூங்குவான்."

என்ன டியூட்டி என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை. நேராக எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

"அத்தை, இனிமே கவலையே வேணாம். அல்சேஷன் வந்திருக்கு. வேத்தாள் கால வச்சா கொதறிடும்."

கொதறுகிற மிருகம் வந்த நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சாக்கில் படுத்துத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. கார் சத்தம் கேட்டால் காது நிமிரும், கார் போய்விட்டால் ஒரு பெருமூச்சு விடும். முட்டை கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன், சாயங்கால ஜெபத்தில் அதற்காக ஒரு அருள் நிறைந்த மரியே கூடச் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் என் தட்டை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, தயிர்சாதமும் நெத்திலிக் கருவாடும் சாப்பிட்டேன். மேஜர் என்னைப் பார்த்தது, கருவாட்டைப் பார்த்தது, தட்டைக் காலி செய்தது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காரர் போனதிலிருந்து நானும் தனியாகத்தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. காலையில் தண்ணீர் பாட்டிலோடு பள்ளிக்குக் கிளம்பினால், என் கையை ஒரு தடவை பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிடும். பக்கத்து வீட்டு செல்வி அக்கா கெரசின் கடன் வாங்க பாட்டிலோடு வந்தபோதும் வாலை ஆட்டி வரவேற்று, வாலை ஆட்டி வழியனுப்பியது. குலைக்கத்தான் காணோம். போகப் போகக் குலைக்கும் என்று நம்பினேன்.

அந்தச் சனிக்கிழமையே, சொல்லாமல் கொள்ளாமல் மாமியார் வந்து இறங்கினார், கொதறுகிற நாயைப் பார்க்க.

மேஜர் எழுந்து போய் அவர் கையை நக்கியது. பிறகு முன்னால் நடந்து, கூடத்து நாற்காலி வரை அழைத்துக்கொண்டுபோய் விட்டது. மாமியார் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான் கொதறுற நாயா ஸ்டெல்லா?"

"சொந்தக்காரங்கள மோப்பத்துலயே கண்டுபிடிச்சிடும் அத்தை."

"என்னை இதுக்கு முன்னாடி எங்கடி மோந்துச்சு? திருடன் வந்தா நாற்காலி போட்டு உக்காத்தி வைக்கும்போல. திங்கக்கிழமை வேன் அனுப்புறேன், சாமானக் கட்டி வை."

என் ராஜ்ஜியம் அவ்வளவுதான். மாமியார் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து வாசலுக்குப் போனார். மேஜரும் எழுந்தது. அவர் முந்தானையைப் பூப்போலக் கவ்வி, திரும்பக் கொண்டுவந்து அதே நாற்காலியில் உட்கார வைத்தது.

"என்னடி இது?"

இரண்டாம் தடவை போனார். மறுபடி நாற்காலி. கொல்லைப்பக்கம் போனார், மேஜர் அங்கேயும் நின்றது. சங்கிலியைப் போட்டு இழுத்தேன். கேட்டுக்குக் குறுக்கே நீட்டிப் படுத்துக்கொண்டது. கேட்டோ உட்பக்கம் திறக்கிற கேட். நாலு மணி பஸ் போய்விட்டது. மாமியார் ஜெபமாலையை எடுத்து அந்தோனியாரைக் கூப்பிட ஆரம்பித்தார். மேஜர் எதிரில் உட்கார்ந்து, பூசைக்கு மணியடிக்கிற கோவில்பிள்ளையைவிட பக்தியாகக் கேட்டது.

"இப்பத்தாம்மா புரியுது. நாய்க்கு உள்ள விடச் சொல்லிக்குடுத்து, வெளிய விடாம மாமியாரப் பூட்டி வைக்கப் பாத்திருக்க."

இனி தாங்காது என்று, அவருக்காகப் போட்டு வைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்தேன். (வேன் பேச்சு வந்த கோபத்தில் அதைக் கொடுக்காமலே அனுப்பப் பார்த்தேன்.) மாமியார் முறைத்துக்கொண்டே வாங்கினார். மேஜர் பாட்டிலைப் பார்த்தது. கேட்டை விட்டு எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. டாக்டர் வீட்டில் வருகிறவரெல்லாம் நோயாளி. வரவேற்று பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். ஊசிக்குப் பயந்து நழுவுகிறவரை மடக்க வேண்டும். மருந்து பாட்டில் கையில் இருந்தால் வைத்தியம் முடிந்தது, போகலாம். பாவம், ஊர் விட்டுப் போன டாக்டருக்காக இன்னும் அதே டியூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னேன். மாமியார் நம்பவில்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நடந்தார், நாற்காலிக்குத் திரும்பினார். பாட்டிலோடு நடந்தார், தெருவுக்குப் போனார். தெருவிலேயே நின்று கேட்டையும் மேஜரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப திருடன் வந்தா உள்ள வந்துடுவான்."

"ஆமா அத்தை."

"ஆனா போகமாட்டான்."

"போகமாட்டான் அத்தை."

"சரி. நீ இங்கயே இரு, வேன் வேணாம்." இரண்டடி வைத்துத் திரும்பினார். "வீட்ல இருக்கிற பாட்டில எல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டு."

அதன் பிறகு மாமியார் வரும்போதெல்லாம் கைப்பையில் ஒரு காலி தைல பாட்டில் இருக்கும். இரண்டு வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். மேஜருக்கு அவர் புது ஆள். ஆனாலும் முதல் நாள் சாயங்காலம் வெறுங்கையை வீசிக்கொண்டு நண்பர்களைப் பார்க்கக் கிளம்பியவருக்கு, மேஜர் இடுப்பருகே ஒரு தடவை மோந்துவிட்டு, ராஜமரியாதையோடு வழிவிட்டது.

மகனைப் பார்க்க வந்திருந்த மாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"டேய், நில்லு. சட்டையத் தூக்கு."