லைட்ஹவுஸ் குப்பத்தில் ஓர் இருட்டு வீடு

எட்டாம் வகுப்பு அறிவியலில் நான் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதையைக் கேட்டு முடித்த பிறகு சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அம்பத்தூரில் வளர்ந்த நான் கல்யாணமாகி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பழவேற்காடு ஏரி. இரண்டு தண்ணீரின் சத்தத்துக்கும் நடுவில் எனக்கு எந்நேரமும் பாதித் தூக்கம். (உப்புக் காற்றுதான் காரணம் என்பேன். மாமியார் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்.)

என் கணவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. புயல் எச்சரிக்கை வந்த அன்று அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். மதியம் ஃபோன் செய்தார்.

"கரண்ட் போச்சுன்னா மூணு நாளைக்கு வராது. நீ படிச்சவ, வூட்டைப் பாத்துக்க."

'படிச்சவ' என்ற அந்த ஒரு சொல்லில்தான் வந்தது வினை.

வீட்டில் மாமனார், மாமியார், நாத்தனார் செல்வி, நான். மாமனாரும் செல்வியும் பேச்சை நிறுத்தி இரண்டு மாதமாகியிருந்தது. செல்விக்கு எளாவூரில் வயரிங் வேலை செய்யும் ரவியைப் பிடித்திருந்தது. "தண்ணில கால் வெக்கத் தெரியாதவனுக்கா பொண்ணு குடுப்பன்?" என்று மாமனார் கேட்டதோடு சரி. அதன் பிறகு எல்லாமே என் வழியாகத்தான். "நைனா சாப்ட்டாரான்னு கேளுங்க அண்ணி" என்பாள். "சாப்ட்டன்னு சொல்லும்மா" என்பார். இருவரும் ஒரே அறையில் மூன்றடி இடைவெளியில் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் களத்தில் இறங்கினேன். மெழுகுவத்தி, தீப்பெட்டி, அரிக்கேன் விளக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஜன்னல்களைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். மோட்டார் ஓடாதே என்று அண்டா, குடம், குக்கர், டிபன் பாக்ஸ் வரை தண்ணீர் பிடித்தேன். சார்ஜை மிச்சப்படுத்துவதற்காக எல்லோருடைய ஃபோனையும் வாங்கி அணைத்து வைத்தேன்.

"இன்னாம்மா இது, கரண்ட்டு போவப் போவுதா, உலகமே போவப் போவுதா?" என்றார் மாமனார்.

மாலை ஐந்து மணிக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி ஒரு முறை இருமிவிட்டு நின்றது. விளக்கும் அணைந்தது. சட்னியை வழித்தெடுத்து, ஜாரைக் கழுவி, மறுபடி மிக்ஸியின் மேல் வைத்து, கடைசிக் குடத்தில் மிஞ்சிய தண்ணீரை அதிலும் ஊற்றினேன். ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது, பாருங்கள்.

பிறகுதான் என் அறிவின் உச்சம். புயலில் போன மின்சாரம் திரும்பி வரும்போது வெறி பிடித்து வரும், ஃப்ரிட்ஜைக் கருக்கிவிடும் என்று எங்கோ கேட்டிருந்தேன். ஸ்டூல் மேல் ஏறி, பலகையிலிருந்த ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்தினேன். விளக்கு எரிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

(ஆமாம். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள்.)

அக்கம்பக்கத்தார் எல்லோரும் அதற்குள் ஊருக்குள் இருந்த உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மாமனார் தன் படகைவிட்டு நகர மாட்டேன் என்றதால் நாங்கள் மட்டும் தெருவில் இருந்தோம். கதவைத் தாழிட்டதும் வீடு அப்படி இருண்டது. பழவேற்காட்டில் இருக்கும் டச்சுக்காரர்களின் கல்லறைக்குள்கூட இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்திருக்கும்.

ஃப்ரிட்ஜிலிருந்த இறால் கெட்டுவிடும் என்று மாமியார் மொத்தத்தையும் வறுத்தார். அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். தார்ப்பாய் மூச்சு விடுவதுபோல் உப்பி உப்பி அடங்கியது. மழை ஓட்டின் மேல் நடந்தது. வீடே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஏரியில் மெதுவாக மிதந்து போவதுபோலவும், நான்தான் அதைக் கரை சேர்ப்பதுபோலவும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மாமியார் விளக்கின் திரியை இறக்கினார். யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை.

அந்த இருட்டிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"சின்னதுல உன்னை ஏரிக்குக் கூட்டிம்போவன். துடுப்பு போட்டா தண்ணி நீலமா மின்னும். அதைக் கையில அள்ளி மடில ஊத்திக்குவ. வூட்டுக்கு எடுத்துப் போறேன்னு."

எனக்குச் சொல்கிறார் என்று நினைத்து "ம்" கொட்டப் போனேன். மாமியார் என் தொடையைக் கிள்ளினார்.

செல்வி, "வூட்டுக்கு வந்து பாத்தா பாவாடைதான் ஈரமா இருக்கும் நைனா" என்றாள்.

"அந்தப் பையன் உன்னை நல்லா வெச்சுப்பானா?"

"வெச்சுப்பான்."

மாமியார் மூக்கை உறிஞ்சினார். இந்த மின்வெட்டை ஏற்பாடு செய்ததே நான்தான் என்பதுபோல் எனக்குப் பெருமையாக இருந்தது. (ஏற்பாடு செய்தது நான்தான் என்பது அப்போது தெரியாது.)

புயல் எங்களைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. மறுநாள் முழுவதும் தூறல்; தார்ப்பாயை நான் அவிழ்க்க விடவில்லை, யாரும் வாசலைத் தாண்டவும் இல்லை. நான் அடிக்கடி பல்பை அண்ணாந்து பார்த்தேன். அது எரியவில்லை. "மூணு நாள் ஆவும் அத்தை" என்று எல்லாம் தெரிந்தவள்போல் சொன்னேன்.

இருட்டும் நேரம் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். நனைந்த சட்டையோடு ரவி நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்று மதியம் திரும்பி வந்திருந்த எதிர்வீட்டுக்காரர்கள் டிவியில் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பம் முழுக்க வெளிச்சம். நாங்கள் நால்வரும் வாசலில் ஆந்தைகளைப்போல் கண்களைச் சிமிட்டிக்கொண்டு நின்றோம்.

"யார் ஃபோனும் போவலையாம். காட்டுப்பள்ளில அண்ணன் பயந்துட்டு என்னைப் போய்ப் பாக்கச் சொன்னாரு" என்றவன், தயங்கி, "உங்க வூட்ல மட்டும் ஏன் லைட் இல்ல?" என்றான்.

"கரண்ட் இல்லியே?" என்றேன்.

"நேத்து அஞ்சரைக்கே வந்துட்ச்சுக்கா."

உள்ளே வந்து டார்ச் அடித்துப் பலகையைப் பார்த்தான். "ஃப்யூஸ் கட்டை எங்க?"

நான் அரிசிப் பானைக்குள் கையை விட்டேன். வாழ்க்கையில் அத்தனை ஆழமாக எந்தப் பானைக்குள்ளும் நான் கை விட்டதில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

போட்டான்.

விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, டிவியில் ஒருவர் புயலைப் பற்றி அலறினார். முந்தின நாள் சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்த மிக்ஸி, மூடியில்லாத ஜாரில் முழுத் தண்ணீரோடு முழு வேகத்தில் கிளம்பியது. பக்கத்தில் நின்ற மாமனார் தலை முதல் வேட்டி வரை நனைந்தார். ரவி பாய்ந்து சுவிட்சை அணைத்தான்.

ரவி தோளிலிருந்த துண்டை நீட்டி, "தொடச்சிக்கோங்க மாமா" என்றான். வாய் தவறி வந்துவிட்ட 'மாமா'. சொன்ன பிறகு அவனே பயந்துபோனான்.

மாமனார் துண்டை வாங்கினார். முகத்தைத் துடைத்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பதறினோம். துண்டை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"கடல்ல நாப்பது வருசம்... இப்டி ஒரு அலை பாத்ததில்ல" என்றவர், செல்வி பக்கம் திரும்பி நேராகவே சொன்னார்: "நிக்க வெச்சே பாக்கறியே, அவனுக்கு ஒரு டீ போடு."

தை மாதம் கல்யாணம். செல்வி இப்போது எளாவூரில் இருக்கிறாள். அங்கே கரண்ட் போகும்போதெல்லாம் முதல் ஃபோன் எனக்குத்தான் வரும்.

"அண்ணி, நீங்க உங்க வூட்லதானே கீறீங்க?"