ஓநாய்க்கு மூன்றாம் இடம்

மேற்குக் கடலில், வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் அயர்லாந்துத் தீவில், ஒரு காட்டில் கிழட்டு அரச மான் செத்துப்போனது. செய்தி முதலில் வடக்குக் கணவாய் ஓநாய்களுக்குத்தான் எட்டியது. சாவுச் செய்தி எப்போதும் வேண்டாதவர் காதில்தான் முதலில் விழும்.

அந்தத் தீவின் அந்தக் காலத்து மனிதர்களைக் கேலிக் மக்கள் என்பார்கள். கேலி செய்வதாக நினைக்க வேண்டாம், பெயரே அதுதான். தங்கள் அரசனுக்கு அவர்கள் கிரீடம் வைப்பதில்லை. குன்றின் மேல் ஒரு பாறை, அதில் செதுக்கிய ஒரு காலடி. புது அரசன் அதில் காலை வைத்து நிற்பான். முன்னோர் நடந்த வழியே நடப்பேன் என்று அர்த்தம். பட்டை உரித்த ஒரு வெள்ளைக் கோலைக் கையில் கொடுப்பார்கள். கோணலும் கறையும் இல்லாமல் ஆள்வேன் என்று அர்த்தம். பிறகு ஒரு குறுநிலத் தலைவன் வந்து அரசனுக்கு ஒற்றைச் செருப்பை மாட்டுவான். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். முடிவில் புலவர் எழுந்து அரசனின் பாட்டன், பூட்டன், அவனுக்கும் முப்பாட்டன் பெயரையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அரசன் தயார்.

புதருக்குள் இருந்து இதையெல்லாம் பார்த்த மிருகங்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. நல்ல பழக்கம் தொற்றாது, சடங்கு தொற்றும்.

கிழட்டு மானின் தம்பி மகன் விரிகொம்பன். தைரியசாலி, நேர்மையானவன், கொஞ்சம் அவசரக்காரன். அவன்தான் அடுத்த அரசன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"முதல்ல கணவாயைப் பார்ப்போம். ஓநாய்கள் கிளம்பிட்டதா மரங்கொத்தி சொல்லுது. பட்டமெல்லாம் அப்புறம்," என்றான் விரிகொம்பன்.

"பட்டம் கட்டாமல் சண்டைக்குப் போனால் அது போர் இல்லை தம்பி, அடிதடி," என்றார் அண்டங்காக்கைப் புலவர் கருஞ்சொல்லார். "பாறையில் ஏறி நில். பரம்பரை சொல்லி முடிக்கும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காட்டுக்கு ஆகாது."

விரிகொம்பன் குன்றேறி, முன்னங்காலைக் காலடிக்குள் வைத்தான். அவன் மனைவி நிழலி குட்டியோடு கீழே நின்றாள். காடே வரிசையில் திரண்டிருந்தது. முயல்கள் முந்தின நாளே வந்து இலையைப் போட்டு இடம் பிடித்திருந்தன.

வெள்ளைக் கோலைக் கொடுக்கும் உரிமை நரி செவ்வாலரின் குடும்பத்துக்கு. செருப்பு மாட்டும் உரிமை முள்ளம்பன்றி முள்ளரசுவின் குடும்பத்துக்கு. இருவரும் ஒரே நேரத்தில் பாறையில் கால் வைத்தார்கள்.

"முதல்ல கோல்," என்றார் செவ்வாலர்.

"முதல்ல செருப்பு," என்றார் முள்ளரசு.

"கோல் இல்லாமல் செருப்பு மட்டும் போட்டால் அவன் அரசன் இல்லைய்யா, வழிப்போக்கன்!"

"செருப்பு இல்லாமல் கோல் மட்டும் பிடித்தால் அவனும் அரசன் இல்லை, ஆடு மேய்ப்பவன்!"

"ஆட்டை எதுக்கு இழுக்கறீங்க?" என்று முன்னால் வந்தது தாடிக்காரக் காட்டாடு. "பாறைக்கு வலப்பக்கம் நிற்கிற உரிமை எங்களுக்கு. பேசறதா இருந்தா மரியாதையாப் பேசுங்க."

நீர்நாய் தன் பாட்டனுக்கு இடப்பக்கம் உண்டு என்றது. காட்டுப்பன்றி யாரையும் கேட்காமல் நடுவில் வந்து நின்றது. வெயில் ஏறியது. விரிகொம்பனுக்குக் கால் மரத்துப்போனது.

"பெரியவங்களே, ஓநாய்..." என்றான்.

"நீ சும்மா இருப்பா. இது உனக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்," என்றார் செவ்வாலர்.

அப்போதுதான் குன்றின் அடிவாரத்துப் புதர்கள் அசைந்தன. ஓநாய்த் தலைவன் பசிவேந்தன் வெளியே வந்தான். அவன் பின்னால் அவன் கூட்டம் முழுவதும்.

காடு அப்படியே உறைந்தது. நிழலி குட்டியைப் பாறைக்குப் பின்னால் தள்ளி மறைத்தாள். விரிகொம்பன் பாய்வதற்காகக் காலை உருவப் போனான்.

"காலை எடுக்காதே!" என்று நரியும் முள்ளம்பன்றியும் ஒரே குரலில் கத்தினார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கருஞ்சொல்லார் பறந்து போயிருக்கலாம், இறக்கை வரவில்லை. பயத்தில் வாய் மட்டும் பழக்கப்பட்ட வேலையைச் செய்தது. "பாறையருகே நிற்கும் உரிமை உடையோர்! முதலாவதாக நரியார் குடி! இரண்டாவதாகக் காட்டாட்டார் குடி! மூன்றாவதாக..." கண்ணெதிரே ஓநாயின் பல் தெரிந்தது. "மூன்றாவதாக, ஓநாயார் குடி!"

பசிவேந்தன் நின்றான்.

"என்ன சொன்னீர்?"

"ஓ... ஓநாயார் குடி. பரம்பரை உரிமை. மூன்றாம் இடம்."

பசிவேந்தன் பின்னால் திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்தான். அவர்களும் அவனைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அவர்களைப் பார்த்து எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். இந்த இடத்தில் நில்லுங்கள் என்று யாரும் சொன்னதில்லை. பசிவேந்தனின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. மறுகணமே முகம் சுருங்கியது.

"இரண்டாம் இடம் ஆட்டுக்கா?"

"ஆமாங்க."

"ஆட்டுக்குப் பின்னால் நானா? இப்பவே அதைத் தின்னுட்டு அங்கே நின்னா என்ன செய்வீர்?"

"தாராளமாகத் தின்னலாம்," என்றார் கருஞ்சொல்லார். உரிமைப் பேச்சு வந்ததும் அவருக்குக் குரல் திரும்பியிருந்தது. "ஆனால் ஆட்டைத் தின்றால் உரிமை அதன் பிள்ளைக்குப் போகும். பிள்ளையைத் தின்றால் பேரனுக்கு. உங்களுக்கு வராது. மேலே வர வேண்டுமானால் பரம்பரை சொல்லி வாதாட வேண்டும். சபையில் ஒருவரைக் கடித்தாலும் உள்ள இடமும் போய்விடும்."

"பல்லுள்ளவன் பேசணும், பல்லில்லாதவன் கேட்கணும்கிறதுதான் எங்க வழக்கம்," என்று ஒரு இளம் ஓநாய் உறுமியது.

"சும்மா இருடா! மானம் போகிற விஷயம்," என்றான் பசிவேந்தன். கருஞ்சொல்லாரிடம் குரலைத் தாழ்த்தினான். "எங்க தாத்தாவுக்கு அப்பா பேர் எனக்குத் தெரியாதே. என்ன செய்யறது?"

"அதற்குத்தானே நான் இருக்கிறேன்!"

அன்று மாலை வரை ஓநாய் ஆட்டோடு வாதாடியது. மறுநாளும் வாதாடியது. ஆடு விட்டுக்கொடுக்கவில்லை. பசிவேந்தன் கூட்டத்தைக் குன்றடியிலேயே தங்க வைத்தான். ஊருக்குப் போனால் இடம் போய்விடும் என்ற பயம். எலியையும் மீனையும் பிடித்துத் தின்றுகொண்டு, அவை போதாமல் இளைத்துப் போய், பரம்பரையை மனப்பாடம் செய்தார்கள். சபைக்காரரைக் கடிக்கப் போன இளம் ஓநாயின் காதைப் பசிவேந்தனே கவ்வி இழுத்து வந்தான்.

சில நாள் கழித்து விரிகொம்பன் புலவரைத் தனியே பிடித்தான். காலடியை விட்டு எப்போதோ காலை எடுத்திருந்தான், ஒருவரும் கவனிக்கவில்லை.

"ஐயா, இன்னிக்காவது முடிச்சிடுங்க. நான் அரசனாகி நல்லது செய்யணும். கணவாய்க்குக் காவல் போடணும்."

"நீ அரசனானால் சடங்கு முடிந்துவிடும்," என்றார் கருஞ்சொல்லார். "முடிந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். ஓநாய்களுக்கும் வேறு வேலை இருக்காது. அப்போது அவர்களுக்குப் பசிக்கும் தம்பி."

விரிகொம்பன் கீழே பார்த்தான். புல்வெளியில் அவன் குட்டி, ஓநாய்களுக்குக் கூப்பிடு தூரத்தில், தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஓநாய் அதைத் தாண்டி வேகமாக ஓடியது. குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாதத்துக்கு நேரமாகிவிட்டதாம்.

விரிகொம்பன் சண்டைக்காகத் தீட்டிய கொம்பை ஒரு மரத்தில் தேய்த்து மழுக்கினான். பிறகு குன்றேறிப் போய், பாறையில் காலை வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கக் கேட்டான்:

"பெரியவங்களே, எனக்கு ஒரு சந்தேகம். செருப்பு வலது காலுக்கா, இடது காலுக்கா?"

காடே எழுந்து நின்றது.

நீதி: பகைவனை வெல்லப் படை வேண்டாம், மூன்றாம் மரியாதை கொடு, இரண்டாவதைக் கேட்டே காலம் தள்ளுவான்.