தட்டு எறிகிறவர்களுக்கு நான் போட்ட மார்க்

இன்றைய வேலை ஒன்றே ஒன்றுதான். நாலு பேரை இரண்டு சோடியாகப் பிரிப்பது.

அடுத்த மாதம் நாங்கள் டிஸ்க் கோல்ஃப் விளையாட இரண்டு நாள் பயணம் போகிறோம். முதல் நாள் ஷாஃப்ஹவுசன் பக்கம் ஒரு காடு, மறுநாள் டாவோஸ் மலை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கோல்ஃப் மாதிரித்தான், பந்துக்குப் பதிலாக பிளாஸ்டிக் தட்டு. எறிந்து எறிந்து, சங்கிலி தொங்கும் ஒரு கூடைக்குள் அதை விழுத்த வேண்டும். குறைந்த எறியில் விழுத்தியவர் வெற்றி.

நான் விளையாடுவதில்லை. பறந்து வரும் தட்டு என் இரண்டு வயது மகளின் தலையில் படுமோ என்று பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் விளையாட்டு.

அதனால்தான் திட்டம் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. "பயந்த ஆள்தான் வடிவாப் பிளான் போடும்" என்றார் கபிலன் அண்ணை.

கபிலன் அண்ணை பஸ் ஓட்டுகிறவர். ஒருகாலத்தில் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவர். அதை நாங்கள் மறக்க அவர் விடமாட்டார். சுகந்தி அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. சட்டி தூக்கித் தூக்கி அவவின் கை இரும்பு. பவி கோயம்புத்தூர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. நாலாவது ஆள் என் மனுசன்.

கலியாணம் கட்டி சுவிஸில் இந்தப் பாடன் ஊருக்கு வந்து ஐந்து வருசம். இந்த மூன்று பேரை விட்டால் எனக்கு இங்கே ஒருத்தருமில்லை. பிள்ளை பிறந்தபோது பத்தியத்துக்குச் சரக்குக்கறி காய்ச்சிக்கொண்டு வந்தது அக்கா. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது அண்ணை. ஜெர்மன் கடிதம் வந்தால் இன்றைக்கும் பவியைத்தான் கூப்பிடுகிறேன். இதைச் சொல்லாவிட்டால் நான் பட்ட பாடு உங்களுக்கு விளங்காது.

போனில் அட்டவணை ஒன்று திறந்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், திருத்தலாம், அந்த வகை. முதல் பக்கம் பயணத் திட்டம். மொத்தம் நாற்பத்தொரு வரி. அதில் பதினேழு வரி பிள்ளைக்கு என்னென்ன நடக்கலாம் என்பது.

சோடி பிரிப்பதற்கு இரண்டாம் பக்கம் திறந்தேன். யார் எவ்வளவு திறமை என்று எழுதினால்தானே சமனாகப் பிரிக்கலாம்? சுவிஸ் பள்ளிக்கூட முறைப்படி ஆறுக்கு மார்க் போட்டேன். ஆறு உச்சம், நாலுக்குக் கீழே போனால் பெயில்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் பன்னிரண்டு வருசம் கொன்வென்ட்டில் படித்தவள். மார்க் போட்டால் பக்கத்தில் குறிப்பு எழுதாமல் கை நிற்காது. சிஸ்டர்மார் ரிப்போட்டில் எழுதுவது போலவே எழுதினேன்.

சுகந்தி, 4.5. கை சுத்தம். எறியுமுன் பேச்சு அதிகம். எறிந்த பின்னும் அதிகம்.

கபிலன், 3. பலம் உண்டு, திசை இல்லை. தோற்றால் காற்றின் மேல் குற்றம் சுமத்துகிறார்.

பவித்ரா, 4. தட்டுகள் பன்னிரண்டு வைத்திருக்கிறார். எறியத் தெரிந்தது ஒன்று. பிறருக்குப் படிப்பிக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

கடைசியாக என் மனுசன், 3.5. முயன்றால் முன்னேறலாம். முயல்வதில்லை.

எழுதிவிட்டு நானே சிரித்தேன். அப்போது பிள்ளை நித்திரையால் எழும்பிக் கத்தியது. ஓடினேன். பால் கொடுத்தேன். திரும்பி வந்து, "பிளான் ரெடி!" என்று குழுவுக்கு இணைப்பை அனுப்பினேன்.

முதல் பக்கத்தை மட்டும் அனுப்ப முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மட்டும்தான் தெரியவில்லை!

திரையின் மேல் மூலையில் மூன்று சின்ன வட்டம் வந்தது. சு, க, ப. மூன்று பேரும் திறந்துவிட்டார்கள்.

ஒரு நிமிசம் அங்கேயே நின்றார்கள். பிறகு 'ப' இரண்டாம் பக்கத்துக்குப் போனது.



அழிக்கப் போனேன். அவசரத்தில் அழிப்பதற்குப் பதில் பெரிய எழுத்தாக மாற்றிவிட்டேன். 'திசை இல்லை' என்பது இப்போது பேருந்து நிலையப் பலகை அளவுக்கு நின்றது.

சுவும் கவும் வந்து சேர்ந்தார்கள்.

மனுசனுக்கு வேலைக்குப் போன் எடுத்தேன். "என்னப்பா, நான் எல்லாரையும் இழந்திட்டன்."

"பிள்ளைக்கு என்ன?" என்று பதறினார். விசயத்தைச் சொன்னதும், "எனக்கு எவ்வளவு போட்டனீர்?" என்று கேட்டார்.

"அதுவோ இப்ப முக்கியம்!"

"சும்மா கேட்டனான்."

நான் பார்த்துக்கொண்டிருக்க, கபிலன் அண்ணையின் 3 மெல்ல 5 ஆனது. அவரே மாற்றுகிறார்! அடுத்த நொடி அது மீண்டும் 3. மாற்றியது சுகந்தி அக்கா. 5. 3. 5. 3. பிறகு 2! அண்ணை விடவில்லை, அக்காவின் 4.5இல் கை வைத்தார். இதற்கிடையில் பவி பக்கத்தில் புதிதாக ஒரு நிரல் திறந்து, 'மார்க் போட்ட முறை என்ன?' என்று எழுதினாள்.

போன் அடித்தது. சுகந்தி அக்கா.

"அக்கா, நான்…"

"பவியைப் பற்றிச் சரியாத்தான் எழுதியிருக்கிறாய். கபிலனைப் பற்றி அதைவிடச் சரி. ஆனா எனக்கு ஏன் நாலரை?"

"அக்கா, உங்கட கதைபேச்சு கூட எண்டு எழுதினது…"

"கதை கூடத்தான். அது ஊருக்கே தெரியும். மார்க்கைச் சொல்லு!"

அவ போனை வைத்ததும் அண்ணை. "தங்கச்சி, அக்காவின்ர கதையைப் பற்றி எழுதினது சூப்பர். ஆனா மூண்டோ? நான் பள்ளிக்கூடத்திலயே ஒருக்காலும் பெயில் விட்டதில்லை."

அடுத்து பவி. "அக்கா, ரிமார்க்ஸ் எல்லாம் ஓகே. நான் ரீவேல்யூவேஷன் கேக்கறேன்."

பின்னேரம் மூன்று பேரும் வீட்டு வாசலில் நின்றார்கள். அக்காவின் கையில் ஒரு பெட்டி ஆட்டிறைச்சி ரோல்ஸ். "இது லஞ்சமில்லை, பிள்ளைக்கு" என்றா. பிள்ளைக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது என்பது அவவுக்குத் தெரியும்.

மறுபரீட்சை. இடம், எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் உள்ள புல்வெளி. சங்கிலிக் கூடை இல்லாததால் என் உடுப்புக் கூடை. ஆளுக்கு மூன்று எறி. நான் பிள்ளையைத் தள்ளுவண்டியில் கட்டி, தலைக்குச் சைக்கிள் தொப்பி மாட்டி, மரத்துக்குப் பின்னால் நின்று குறித்தேன்.

அக்கா இரண்டு விழுத்தினா. மூன்றாவதை எறியும்போது முதல் இரண்டையும் எப்படி விழுத்தினேன் என்று விளக்கிக்கொண்டிருந்தா. அது வெளியே போனது.

பவி ஒவ்வொரு எறிக்கும் ஒவ்வொரு தட்டு எடுத்தாள். தெரிவு செய்யக் கால் மணித்தியாலம். ஒன்று விழுந்தது.

வேலையால் வந்த என் மனுசன் காலில் வேலைச் சப்பாத்தோடேயே எறிந்தார். மூன்றும் கூடைக்கு ஒரு முழம் முன்னால். முயலவில்லை.

அண்ணை முதல் இரண்டும் தவறி, மூன்றாவதற்கு ஓடி வந்தார். வேகப்பந்து மாதிரியே! தட்டு கூடையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கீழ்மாடிக் கிழவியின் தக்காளிச் செடிக்குள் இறங்கியது.

கிழவி தட்டும் கையுமாக வெளியே வந்தா. நான் தள்ளுவண்டியோடு ஓடத் தயாரானேன். இந்தக் கட்டிடத்தில் ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்குள் போத்தல் போட்ட சத்தத்துக்கே எனக்கு முறைப்பாட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

"குருயேட்ஸி" என்று சுவிஸ் வணக்கம் சொன்னா. எங்களைப் பார்த்தா. கூடையைப் பார்த்தா. மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி எறிந்தா. தட்டு ஆடாமல் மிதந்து வந்து கூடைக்குள் விழுந்தது.

எல்லாரும் அண்ணையைப் பார்த்தோம்.

"காத்து" என்றார் அண்ணை.

கிழவி உள்ளே போனதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "சரி, போடு" என்றா அக்கா.

நாலு சோடிக் கண்ணும் என் பேனாவில். சரக்குக்கறி, ஆஸ்பத்திரி, ஜெர்மன் கடிதம் எல்லாம் என் கண்முன்னே போய் வந்தன. எல்லாருக்கும் ஐந்தரை போட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தா. "அப்ப கபிலனும் நானும் ஒண்டோ?"

"இல்லை அக்கா. உங்கட ஐந்தரை நல்ல ஐந்தரை."

"அப்பிடிச் சொல்லு."

கொஞ்சத்தால் அண்ணை மெல்லக் கிட்ட வந்தார். "அக்காவுக்குப் போட்டது ஒரு ஆறுதலுக்குத்தானே?"

"ஓம் அண்ணை."

"எனக்குத் தெரியும். டாவோசுக்கு நீங்கள் என்ர காரில. பிள்ளையின்ர சீட் பூட்டியாச்சு."

"அதெப்படி? அக்கா என்கூடத்தான் வர்றாங்க!" என்று என்னைக் காட்டினாள் பவி. அடுத்த பத்து நிமிசம் என்னை யார் ஏற்றுவது என்று சண்டை. நான் ரோல்ஸ் சாப்பிட்டேன்.

நாலு பேரும் சமன் ஆனபடியால் சோடி பிரிப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. சீட்டுக் குலுக்கினோம். அக்காவும் அண்ணையும் ஒரு சோடி. தான்தான் மற்றவரைத் தூக்கிவிடுவதாக இரண்டு பேரும் நினைக்கிறார்கள்.

இப்போது பிள்ளை நித்திரை, மனுசனும் நித்திரை. உங்களுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் படுக்கிறேன்: தெரிந்தவர்களுக்கு மார்க் போட வந்தால் ஐந்தரை போடுங்கள். ஆறு போட்டால் நம்பமாட்டார்கள், ஐந்து போட்டால் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.