லைல் காட்டில் நான் கண்ட ஒன்பது குறைகள்

அன்புத் தங்கை ஹெல்மிக்கு,

மிச்சிகனிலிருந்து அண்ணன் ஆர்வோ எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அரிசோனா வெயிலில் சுகமாக இருப்பீர்கள். இங்கே முழங்கால் சுகம், மானம்தான் படுத்துவிட்டது. இத்துடன் ஒரு பத்திரம் வைத்திருக்கிறேன். நம் எண்பது ஏக்கர் காட்டை விற்றுவிடலாம். உன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. காரணத்தைப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நம் குடும்பக் காடுகள் சங்கத்தில் சம்பளக்காரர் யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒருவர் காட்டை ஒருவர் போய்ப் பார்த்து, ஒழுங்காக இருந்தால் சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறோம். இந்த வருடம் எனக்குப் பக்கத்து நிலத்து லைல் போட்ரியின் காடு, அவனுக்கு நம் காடு. சனிக்கிழமை கொசு பிடுங்கப் பிடுங்க, அவன் காட்டின் பின்பக்கமாக நுழைந்து நாலு மணி நேரம் நடந்தேன். என்ன லட்சணம் போ! லாரித் தடம் நேரே ஓடைக்குள் இறங்குகிறது, கரையில் விட்டுவைக்க வேண்டிய மரங்களை மொட்டையடித்திருக்கிறார்கள், சேற்றில் இடுப்பளவு பள்ளம், எல்லையில் ஒரு மரத்திலாவது நீலச் சாயம் அடித்த குறி கிடையாது. ஒன்பது குறை எழுதினேன். ஒன்பதாவது, 'உரிமையாளர் பல வருடமாக இந்தப் பக்கம் காலே வைக்கவில்லை.' உண்மையைச் சொன்னால், எழுதும்போது குஷியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இருபது பேர் முன்னால் குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். நான் முடித்ததும் லைல், மரம் கொறிக்கும் பீவர்கள் ஓடையில் குச்சி அடுக்கிக் கட்டிய அணையை நான் எடுத்திருந்த படம் ஒன்றையும் நில வரைபடத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"ஆர்வோ, இந்த பீவர் கட்டின அணை யார் நிலத்துல இருக்கு பாரு."

பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"உன்னுதுப்பா. என் எல்லை முன்னூறு அடி முன்னாடியே முடிஞ்சுடுது. நீ மொத்தமும் உன் காட்டத்தான் சுத்தியிருக்கே."

செயலாளர் வெர்னா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்ப இந்தக் குறையெல்லாம் யார் பேர்ல எழுதிக்கறது?" என்று கேட்டாள். இருபது பேரும் சிரித்தார்கள்.

அந்த மூலைக்கு நான் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது ஹெல்மி. மரம் வெட்ட ஒருவனுக்குக் காண்ட்ராக்ட் விட்டேன், அவன் வந்தான், வெட்டினான், போனான். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை லைல் நம் காட்டைப் பார்க்க வருகிறான். சான்றிதழ் போனால் காகித ஆலை நம் மரத்தைத் தொடாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஊரான் காட்டில் குறை தேடக் கிளம்பியவனுக்குச் சொந்தக் காடே அடையாளம் தெரியவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கெல்லாம் எதற்குக் காடு?

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைகள் எந்தச் சங்கத்திலும் சேராமல் நீடூழி வாழட்டும்.

நொந்துபோன அண்ணன்,
ஆர்வோ

பி.கு.: உறைக்குள் பத்திரத்தைத் தேடாதே, நானே கிழித்துவிட்டேன். தபாலில் சேர்க்க மனமில்லாமல் கடிதத்தை வைத்திருந்தேன், அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. சாயங்காலம் லைல் வந்து ஒரு காகிதத்தை நீட்டினான். என்னுடைய அதே அறிக்கை. மேலே அவன் பெயரை அடித்து என் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தான்.

"போய்ப் பாத்தேன், ஒம்போதும் கரெக்ட். இதைவிட நல்லா எனக்கு எழுத வராது. சரிபண்ண ஒரு வருஷம் டைம் போட்டிருக்கேன். அதுவரைக்கும் சான்றிதழ் உன்கிட்டயே இருக்கும்."

காப்பி குடிக்கிறாயா என்றுகூடக் கேட்க மறந்துவிட்டேன். வாசல் வரை போனவன் திரும்பி நின்றான்.

"என் காட்டத்தான் இன்னும் யாருமே பாக்கலியே. நாளைக்கு வந்து பாரு. நான் பாத்த மாதிரியே பாரு, எனக்கும் ஒரு வருஷம் டைம் வேண்டியிருக்கும், என்ன?"